ஐசிசி உறுப்பினராக நியமனக் கடிதம் வந்துவிட்டதா? முதல் நாளிலிருந்து செய்ய வேண்டியவை

துறைக்கு ஒரு சுற்றறிக்கை வரும். "கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழு கீழ்க்கண்டவாறு அமைக்கப்படுகிறது" என்று சில பெயர்கள். அதில் உங்கள் பெயரும் இருக்கும். முன்கூட்டி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், பயிற்சியும் கொடுத்திருக்க மாட்டார்கள். பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் இந்த உள்ளகப் புகார்க் குழுவுக்குள், அதாவது ஐசிசிக்குள், பெரும்பாலான ஆசிரியர்கள் வருவது இப்படித்தான். கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விடுவோம். பிறகு ஒரு நாள் மாலை, ஆய்வகத்தைப் பூட்டும் நேரத்தில், ஒரு மாணவி கதவருகே வந்து நிற்பாள். "மேம், ஒரு விஷயம் சொல்லணும்" என்பாள்.

அந்த மாலைக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன். சில கல்லூரிகளின் குழுக்களில் வெளி உறுப்பினராக உட்கார்ந்திருக்கிறேன். அங்கே நான் பார்த்த பெரிய துயரம் இதுதான்: உண்மையான புகார்கள் கெட்ட எண்ணத்தால் தோற்றதைவிட, தேதி தவறியதாலும் கோப்பு சரியில்லாததாலும் தோற்றது அதிகம். நல்ல மனம் படைத்த ஆசிரியர்களே அந்தத் தவறுகளைச் செய்தார்கள். ஆகவே கேட்கும்போது கனிவும், நடைமுறையில் கறாரும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும்.

எந்தச் சட்டம் உங்களைக் கட்டுகிறது

1997-இல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் வேலையிடங்களுக்கான நெறிமுறைகளை வகுத்தது. ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற ஒரு களப்பணியாளர் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானதுதான் அந்த வழக்கின் பின்னணி. அந்த நெறிமுறைகள் சட்டமாகப் பதினாறு ஆண்டு ஆனது. அதுதான் பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம். போஷ் சட்டம் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்.

அலுவலகத்தை மனதில் வைத்து எழுதப்பட்ட அந்தச் சட்டத்தைக் கல்லூரிக்குப் பொருந்தும்படி விரித்து எழுதியது பல்கலைக்கழக மானியக் குழு. 2015-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் என்று பெயர், அரசிதழில் வந்தது 2016 மே மாதம். உங்கள் மேசையில் முதலில் இருக்க வேண்டியது இந்த யுஜிசி ஒழுங்குமுறைதான். சில பக்கங்கள்தான். ஒரே மாலையில் படித்துவிடலாம். படிக்காமல் முதல் கூட்டத்துக்குப் போகாதீர்கள்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு வரி உண்டு. துன்புறுத்தலுக்கு அதிகம் ஆளாவது பெண்கள் என்று சொல்லும் அதே ஒழுங்குமுறை, சில ஆண் மாணவர்களும் மூன்றாம் பாலின மாணவர்களும்கூட ஆளாகக்கூடும் என்பதை ஏற்றுக்கொண்டு, எல்லாப் பாலினத்தவர் மீதான வன்முறைக்கு எதிராகவும் கல்லூரி உறுதியாக நடக்க வேண்டும் என்கிறது. ஒரு பையன் வந்து நின்றால் "இது பெண்களுக்கான குழு" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

முதல் வாரம்: குழு சரியாக அமைந்திருக்கிறதா என்று பாருங்கள்

புகார் வரும் முன்பே செய்ய வேண்டிய வேலை இது. குழுவின் அமைப்பில் ஓட்டை இருந்தால், பிறகு நடக்கும் விசாரணை முழுவதையும் நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாக்க அது ஒன்றே போதும்.

சுற்றறிக்கையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். தலைவர் மூத்த பெண் ஆசிரியராக இருக்க வேண்டும். பல்கலைக்கழகமாக இருந்தால் பேராசிரியர் நிலைக்குக் குறையாதவர், கல்லூரியாக இருந்தால் இணைப் பேராசிரியர் நிலைக்குக் குறையாதவர். அப்புறம் ஆசிரியர் இருவர், ஆசிரியரல்லாத ஊழியர் இருவர். பெண்கள் நலனுக்காக உழைக்கும் தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்த, அல்லது இந்தப் பிரச்சினையை நன்கறிந்த, வெளி ஆள் ஒருவர். மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் இளநிலை, முதுநிலை, ஆய்வு ஆகிய நிலைகளிலிருந்து மாணவர் மூவர். இந்த மூவரை வெளிப்படையான ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல்வர் கூப்பிட்டுச் சொல்லும் மூன்று பேர் அதற்கு ஈடாக மாட்டார்கள். மொத்த உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் பெண்கள். பதவிக்காலம் மூன்று ஆண்டு.

இதைவிட முக்கியம், யார் இருக்கக் கூடாது என்பது. துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத் தலைவர் போன்ற உயர் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் உறுப்பினராகக் கூடாது. குழு சுதந்திரமாக இயங்க வேண்டும் என்பதற்காகவே இப்படி எழுதியிருக்கிறார்கள். எச்.ஓ.டி.க்கள் நிறைந்த குழுக்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே ஒரு மாணவி எப்படித் தன் எச்.ஓ.டி. மீது புகார் கொடுப்பாள்?

குறை இருந்தால் தலைவர் வழியாக முதல்வருக்கு எழுத்தில் சொல்லுங்கள். வாய்மொழியாகச் சொன்னது நாளை யாருக்கும் நினைவிருக்காது. குழுவே அமைக்காத நிறுவனத்துக்கு போஷ் சட்டத்தில் 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு, திரும்பத் தவறினால் இரட்டிப்பாகும். யுஜிசி தன் பக்கத்தில் மானியத்தை நிறுத்தலாம், இணைப்பை ரத்து செய்யும்படி பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைக்கலாம். நிர்வாகம் தயங்கினால் இந்த விவரத்தை அந்தக் கடிதத்திலேயே எழுதிவிடுவது பலன் தரும்.

தடுப்பது என்பதும் சட்டக் கடமைதான்

நிர்வாகங்கள் எளிதில் மறந்துவிடும் பகுதி இது. புகார் வந்தால் விசாரிப்பதோடு கல்லூரியின் பொறுப்பு தீர்ந்துவிடவில்லை. முதலாண்டு மாணவர்களுக்கான அறிமுக வகுப்பில் இதைப் பற்றிப் பேச வேண்டும். உறுப்பினர்களின் பெயரும் தொடர்பு எண்ணும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தண்டனை என்ன என்பது கல்லூரிக் கையேட்டிலும் அறிவிப்புப் பலகையிலும் இருக்க வேண்டும். வளாகத்தில் வெளிச்சம், போக்குவரத்து, மனநல ஆலோசகர் எல்லாமே நிறுவனத்தின் கடமைப் பட்டியலில் வருபவை. ஒரு சாயங்காலம் இருட்டிய பிறகு மாணவிகள் இருவரை அழைத்துக்கொண்டு வளாகத்தை நடந்து பாருங்கள். எந்த விளக்கு எரியவில்லை, எந்தப் படிக்கட்டைத் தவிர்க்கிறார்கள் என்று அவர்களே காட்டுவார்கள். பார்த்ததை எழுதி முதல்வருக்கு அனுப்புங்கள்.

தமிழில் ஒரு அறிவிப்புப் பலகை கட்டாயம் வையுங்கள். துப்புரவுப் பணியாளர், மெஸ் ஊழியர், ஒப்பந்தத்தில் வந்திருக்கும் பாதுகாவலர் எல்லோரும் இந்தக் குழுவின் எல்லைக்குள் வருபவர்கள். ஆங்கிலத்தில் மட்டும் எழுதி ஒட்டிய பலகை அவர்களுக்கு எதுவும் சொல்லாது.

விடுதி பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். எங்காவது ஏதாவது நடந்தால் உடனே "மாணவிகள் ஆறு மணிக்குள் அறைக்கு வந்துவிட வேண்டும்" என்று உத்தரவு போடுவது நம் கல்லூரிகளின் பழக்கம். பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்கள் விடுதியில் இல்லாத பாகுபாடான விதிகளைப் பெண்கள் விடுதியில் திணிக்கக் கூடாது என்று யுஜிசி ஒழுங்குமுறை தெளிவாகவே சொல்கிறது. கண்காணிப்பு என்ற பெயரில் பெண்களின் நடமாட்டத்தைச் சுருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. விடுதிக் கூட்டத்தில் இந்த வரியை வாசித்துக் காட்டுங்கள். தப்பு செய்தவனுக்கு வளாகம் திறந்திருக்க, தப்பே செய்யாதவள் அறைக்குள் அடைபடுவதை எந்த நியாயத்தாலும் சரி என்று சொல்ல முடியாது.

எது புகார், எது வளாகம்

விருப்பமில்லாத தொடுதல், பாலியல் சலுகை கேட்பது, ஆபாசமாகப் பேசுவது, ஆபாசப் படம் காட்டுவது, சைகை, குறுஞ்செய்தி என எதுவும் இதில் அடங்கும். இங்கே எடைபோட வேண்டிய சொல் "விருப்பமில்லாத" என்பது. செய்தவரின் நோக்கம் என்ன என்பதைவிட, எதிரில் இருந்தவர் அதை விரும்பினாரா என்பதுதான் கேள்வி. இன்டர்னல் மார்க் போடும் கை, ஆய்வேட்டில் கையெழுத்திடும் கை, இவற்றுக்கு எதிரில் மாணவி சிரித்துக்கொண்டு பேசியதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

வளாகம் என்பது மதில் சுவரோடு முடிவதில்லை. கல்லூரிப் பேருந்து, விடுதி, ஐ.வி. என்று போகும் தொழிற்சாலைப் பயணம், களப்பணி, இன்டர்ன்ஷிப், விளையாட்டுப் போட்டி, முகாம் எல்லாம் வளாகம்தான். வெளியிலிருந்து வந்த ஒருவர், விருந்தினர், ஒப்பந்தக்காரர் செய்தாலும் கல்லூரி கைகழுவ முடியாது. பாதிக்கப்பட்டவருக்குத் துணை நிற்க வேண்டும்.

அவள் பேச வரும் மாலை

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

கதவைச் சாத்தாதீர்கள், அதேசமயம் மற்றவர் காதில் விழாத இடமாகப் பாருங்கள். தண்ணீர் கொடுங்கள். அவள் பேசட்டும். நடுவில் நிறுத்தித் தேதி, நேரம் கேட்காதீர்கள், அதற்கெல்லாம் பிறகு நேரம் இருக்கிறது. "அங்கே ஏன் போனே?", "அந்த நேரத்துல என்ன வேலை?", "முன்னாடியே ஏன் சொல்லலை?" என்ற மூன்று கேள்விகளும் உங்கள் நாக்கின் நுனி வரை வரும். விழுங்கிவிடுங்கள். அவற்றில் எதுவும் சட்டப்படி தேவையில்லை, ஆனால் ஒன்றைக் கேட்டுவிட்டாலும் அவள் மறுபடி உங்களிடம் வரமாட்டாள். "வீட்டுக்குத் தெரியுமா?" என்பதையும் அன்று கேட்காதீர்கள். நம் ஊரில் பல பெண்களுக்குப் படிப்பு நின்றுபோகும் பயம் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க மேம்" என்று கேட்பாள். முடியாத வாக்குறுதியைக் கொடுத்துவிடாதீர்கள். அவள் வயதை மெதுவாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதலாண்டில் பதினேழு வயதுப் பிள்ளைகள் நிறையப் பேர் உண்டு. பதினெட்டு நிறையவில்லை என்றால் அது போக்சோ சட்டத்தின் கீழ் வருகிறது. குற்றம் நடந்தது என்று தெரிந்த எவரும் காவல் துறைக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ தகவல் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விடுவது தண்டனைக்குரியது, நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. "குழுவில் வைத்துப் பேசிக்கொள்ளலாம்" என்று ஒத்திப்போடும் உரிமை குழுவுக்குக் கிடையாது. இதை அவளிடம் மறைக்காமல் சொல்லுங்கள், சொல்லும்போது கூடவே இருங்கள். 1098 எண்ணில் குழந்தைகள் உதவி மையம் கிடைக்கும்.

பதினெட்டு நிறைந்தவள் என்றால் முடிவு அவளுடையது. உங்கள் வேலை வழிகளைச் சொல்வது. குழுவிடம் புகார் கொடுக்கலாம், காவல் துறைக்குப் போகலாம், இரண்டையும் ஒன்றாகச் செய்யலாம். ஒன்றைச் செய்தால் மற்றது கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அவள் காவல் துறைக்குப் போக விரும்பினால் உதவி செய்வது குழுவின் கடமைகளில் ஒன்று. "கல்லூரிப் பெயர் கெட்டுவிடும்" என்று யாராவது தடுத்தால், அவர்தான் சட்டத்தை மீறுகிறார்.

உடல்ரீதியான வன்முறை நடந்திருந்தால் எல்லாவற்றுக்கும் முன்னால் மருத்துவமனை. பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் உடனடி சிகிச்சையைக் கட்டணமின்றிக் கொடுக்க வேண்டும். மறுப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 200-ஆம் பிரிவின்படி குற்றம். துணிகளைத் துவைக்காமல், ஒரு காகிதப் பையில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மருத்துவப் பரிசோதனைக்கு அவளுடைய சம்மதம் வேண்டும். எந்தக் காவல் நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யலாம், எல்லைப் பிரச்சினை சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது. 181 பெண்கள் உதவி எண், 112 அவசர எண். மாவட்டத்தில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்தில் மருத்துவம், சட்டம், தங்குமிடம் ஆகிய உதவிகள் ஒரே இடத்தில் கிடைக்கும். இந்த மையத்தின் எண்ணை இன்றே உங்கள் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். நள்ளிரவில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

எழுத்துப் புகாரும் மூன்று மாதமும்

குழு விசாரிக்க எழுத்துப் புகார் வேண்டும். கடைசிச் சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம், காரணத்தை எழுதிவைக்க வேண்டும். அவ்வளவுதான்.

இந்த எல்லை எவ்வளவு கடுமையானது என்பதற்கு ஒரு வழக்கு. கொல்கத்தாவில் ஒரு சட்டப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் மீது ஓர் ஆசிரியை கொடுத்த புகார், காலம் கடந்தது என்று தள்ளுபடியானது. கடைசித் துன்புறுத்தல் 2023 ஏப்ரலில், புகார் அந்த ஆண்டு டிசம்பரில். 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பைத் துணைவேந்தர் தன் சுயவிவரக் குறிப்பில் சேர்க்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. ஆனாலும் புகார் விசாரிக்கப்படாமலே போனது. ஆகவே முதல் மாலையிலேயே, அவசரப்படுத்தாமல், "இதுக்கு ஒரு காலக்கெடு இருக்கும்மா, இந்தத் தேதி" என்று சொல்லிவிடுங்கள்.

எழுத முடியாத நிலையில் இருந்தால் தலைவரோ எந்த உறுப்பினருமோ எழுத உதவ வேண்டும். உடல்நிலை, மனநிலை காரணமாக அவளால் முடியவே இல்லை என்றால் தோழி, உறவினர், உடன் படிப்பவர், மனநல ஆலோசகர் அவளுக்காகக் கொடுக்கலாம். அவள் சொன்ன சொற்களையே எழுதுங்கள். "தகாத முறையில் நடந்துகொண்டார்" என்று மெருகேற்றினால் விசாரணையில் அதற்கு என்ன பொருள் என்று யாருக்கும் தெரியாது. என்ன செய்தார், எங்கே தொட்டார், என்ன சொன்னார் என்று நேராக இருக்கட்டும். வாட்ஸ்அப் செய்திகளைத் திரைப்பிடிப்பு எடுத்து இணைப்பதோடு, அசலை அழிக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

புகார் வாங்கிய தேதியைப் போட்டுக் கையெழுத்திட்டு நகலை அவள் கையில் கொடுங்கள். பிறகு ஒரு நாட்காட்டியை எடுங்கள். ஏழு நாளுக்குள் நகல் எதிர்த்தரப்புக்குப் போக வேண்டும். பத்து நாளுக்குள் அவர் பதிலும், ஆவணங்களும், சாட்சிப் பட்டியலும் தர வேண்டும். விசாரணை தொண்ணூறு நாளுக்குள் முடிய வேண்டும். முடிந்த பத்து நாளுக்குள் அறிக்கை நிர்வாகத்துக்குப் போக வேண்டும், நகல் இரு தரப்புக்கும். மேல்முறையீடு வராவிட்டால், அறிக்கை கிடைத்த முப்பது நாளுக்குள் நிர்வாகம் நடவடிக்கை எடுக்க வேண்டும். இந்தத் தேதிகளைச் சிவப்பு மையில் குறித்து வைப்பவர் குழுவில் ஒருவராவது இருக்க வேண்டும். அது நீங்களாக இருங்கள்.

விசாரணை முடியும் வரை அவள் எங்கே உட்காருவாள்?

புகார் கொடுத்த மறுநாள் காலை, அதே ஆய்வகத்தில் அதே ஆசிரியர் முன்னால் அவள் நிற்க வேண்டியிருந்தால், நாம் ஒன்றுமே செய்யவில்லை என்று பொருள். இடைக்கால நிவாரணம் கேட்கக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. அந்த ஆசிரியர் அவள் விடைத்தாளைத் திருத்துவதையும் மதிப்பிடுவதையும் நிறுத்தலாம். நெறியாளரை மாற்றலாம். எதிர்த்தரப்பை வேறு துறைக்கு மாற்றலாம். விலகி இருக்கும்படி எச்சரிக்கலாம், அச்சுறுத்தல் இருந்தால் வளாகத்துக்குள் வருவதைத் தடுக்கலாம். அவளுக்கு விடுப்போ, வருகைப்பதிவில் தளர்வோ தரலாம்.

நிர்வாகம் எளிதாகச் செய்வது அவளை நகர்த்துவது. முடிந்தவரை அவரை நகர்த்துங்கள். வகுப்பும் விடுதி அறையும் தோழிகளும் அவளுக்கு இந்த நேரத்தில் கட்டாயம் வேண்டும்.

சாட்சி சொன்ன மாணவர்களையும் மறந்துவிடாதீர்கள். பழிவாங்கல் பெரும்பாலும் இன்டர்னல் மார்க்கிலும் வருகைப்பதிவிலும்தான் வரும். சாட்சிகளின் முந்தைய பருவ மதிப்பெண்ணை ஒரு தாளில் குறித்துவைத்தால் போதும், பிறகு ஏதாவது திடீரென்று குறைந்தால் கண்ணில் படும்.

விசாரணை அறை

முதல் கேள்வி: குழுவில் யாருக்காவது எதிர்த்தரப்போடோ புகார்தாரரோடோ நெருங்கிய உறவோ பகையோ இருக்கிறதா? இருந்தால் அவர் விலகி, அதைக் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். ஒவ்வொரு அமர்விலும் தலைவரையும் சேர்த்துக் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். இரு தரப்புமே வழக்கறிஞரை அழைத்து வரக் கூடாது என்று போஷ் விதிகள் சொல்கின்றன.

இருவரையும் நேருக்கு நேர் உட்கார வைக்காதீர்கள். தனித்தனி நேரம் கொடுங்கள், வெளியே வராந்தாவில்கூடச் சந்தித்துக்கொள்ளாதபடி. குறுக்கு விசாரணைக் கேள்விகளை எதிர்த்தரப்பு எழுதிக் கொடுக்கட்டும், குழு வாசித்துக் கேட்கட்டும். அவள் ஒழுக்கத்தையும் பழைய நட்புகளையும் கிளறும் கேள்விகள் அந்தக் காகிதத்தில் வரும். அவை புகாரோடு தொடர்பில்லாதவை என்று பதிவு செய்துவிட்டு விலக்குங்கள்.

அதேபோல் புகாருக்கு உள்ளானவரின் உரிமையையும் முழுதாகக் கொடுங்கள். இதை அவர்மீதுள்ள பரிவுக்காக மட்டும் சொல்லவில்லை. கோவா பல்கலைக்கழகத்தில் ஒரு துறைத் தலைவர் மீது மாணவிகள் கொடுத்த புகாரில் குழு அவசரமாக விசாரித்து முடித்தது, அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. அவர் தன் தரப்பைச் சொல்லப் போதிய வாய்ப்பு தரவில்லை, இயற்கை நீதி மீறப்பட்டது என்பது காரணம். விசாரணை மறுபடி குழுவிடமே போனது. பல ஆண்டு கழித்து, 2009 மே மாதத்தில் இருந்த நிலையிலிருந்து மீண்டும். அந்த மாணவிகளை நினைத்துப் பாருங்கள். ஆவணம் எல்லாம் அவருக்குக் கொடுத்தோம், கால அவகாசம் கொடுத்தோம், பதில் வாங்கினோம் என்பது கோப்பில் இருந்தால், நீங்கள் காப்பாற்றுவது அவளுடைய புகாரைத்தான்.

ஒவ்வொரு வாக்குமூலத்தையும் எழுதி, வாசித்துக் காட்டி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்குங்கள். சாட்சி இல்லையே என்று கைவிடாதீர்கள். இப்படிப்பட்ட விஷயம் நாலு பேர் முன்னால் நடப்பதில்லை. குற்றவியல் நீதிமன்றம் கேட்கும் சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் இங்கே தேவையில்லை. எல்லாவற்றையும் வைத்துப் பார்க்கும்போது நடந்திருக்க வாய்ப்பு அதிகமா என்பதுதான் அளவு. அன்று இரவே தோழிக்கு அவள் அனுப்பிய செய்தி, மறுநாள் வகுப்புக்கு வராதது, வார்டனிடம் அழுதது, இவையெல்லாம் எடைக்கு வரும்.

சமரசம் பற்றி எச்சரிக்கை. புகார்தாரர் தானே கேட்டால் மட்டுமே சமரசத்துக்கு இடம் உண்டு, பணம் அதில் வரவே கூடாது. குழு தானாக முன்வந்து "பேசி முடிச்சுக்கலாமே" என்று சொல்வது, அவள் காதில் உத்தரவாகத்தான் விழும். வன்முறை நடந்த புகாரில் சமரசம் என்ற சொல்லையே எடுக்காதீர்கள்.

அறிக்கை

என்ன குற்றச்சாட்டு, என்ன ஆதாரம், எதை நம்பினோம், ஏன் நம்பினோம், என்ன பரிந்துரை. இந்த வரிசையில் எழுதினால் போதும். "ஏன்" என்பதுதான் அறிக்கையின் உயிர், அங்கே இரண்டு பக்கம் கூடுதலாக எழுதுங்கள். மாணவர் குற்றம் செய்திருந்தால் நூலகம், விடுதி, உதவித்தொகை போன்ற சலுகைகளை நிறுத்துவதிலிருந்து இடைநீக்கம், பெயர் நீக்கம் வரை பரிந்துரைக்கலாம். கட்டாய ஆலோசனை, சமூகப் பணி என்றும் விதிக்கலாம். ஊழியர் என்றால் பணி விதிகளின்படி. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடும் பரிந்துரைக்கலாம், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். நிர்வாகம் உங்கள் பரிந்துரையை ஏற்கவில்லை என்றால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். பரிந்துரையில் திருப்தி இல்லாதவர் முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

பொய்ப் புகார் பற்றி ஆசிரியர் அறையில் எப்போதும் பேச்சு இருக்கும். சட்டம் சொல்வதை அங்கேயே சொல்லிவிடுங்கள்: நிரூபிக்க முடியாத புகார் பொய்ப் புகார் ஆகாது. தெரிந்தே கெட்ட நோக்கத்தில் கொடுத்தது என்று தனியாக விசாரித்து உறுதி செய்தால்தான் நடவடிக்கை.

பெயர் வெளியே போகக் கூடாது

அவள் பெயர், துறை, ஊர், எதுவும் வெளியே போகக் கூடாது. எதிர்த்தரப்பின் பெயரும், சாட்சிகளின் பெயரும்கூட அப்படியே. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவி வன்கொடுமைக்கு ஆளானபோது, முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்து அவள் அடையாளம் பரவியது. சென்னை உயர் நீதிமன்றம் அதற்காக அவளுக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. குற்றவாளிக்கு 2025 ஜூனில் ஆயுள் தண்டனை கிடைத்தது. கசிந்த பெயரை எந்தத் தீர்ப்பும் திரும்ப எடுத்துவர முடியவில்லை.

குழுவுக்கென்று வாட்ஸ்அப் குழு வேண்டாம். புகார் நகலைத் துறை அலுவலகத்தில் ஜெராக்ஸ் எடுக்கக் கொடுக்காதீர்கள். கூட்டத்துக்கான அழைப்பில் பெயருக்குப் பதில் எண் போடுங்கள். வீட்டிலும் சொல்லாதீர்கள்.

கல்லூரியே குறுக்கே நின்றால்

தாளாளர் மீதோ முதல்வர் மீதோ புகார் என்றால் கல்லூரிக் குழுவால் நிமிர்ந்து நிற்க முடியாமல் போகலாம். வேலை கொடுப்பவர் மீதே வரும் புகார்களுக்காக மாவட்டந்தோறும் உள்ளூர்ப் புகார்க் குழு இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால் விவரம் கிடைக்கும். மத்திய அரசின் ஷீ-பாக்ஸ் இணையதளம் வழியாகவும் புகார் பதியலாம். யுஜிசிக்கும் மாநில மகளிர் ஆணையத்துக்கும் எழுதலாம். குழு உறுப்பினர் ஒருவருக்கு அழுத்தம் வந்தால், யார், எப்போது, என்ன சொன்னார் என்று அன்றைக்கே எழுதி, தேதியிட்டு, வெளி உறுப்பினரிடம் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள். வெளி உறுப்பினர் என்று ஒருவரைச் சட்டம் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். அந்த ஆள் உங்கள் முதல்வரிடம் சம்பளம் வாங்குவதில்லை.

ஆண்டு முடிவில்

எத்தனை புகார் வந்தது, எத்தனை முடிந்தது என்ற ஆண்டறிக்கை யுஜிசிக்குப் போக வேண்டும். "புகார் எதுவும் இல்லை" என்று எழுதும்போது நிர்வாகம் மகிழ்ச்சியடையும். ஆயிரக்கணக்கானோர் படிக்கும் இடத்தில் வருடக்கணக்கில் பூஜ்யம் என்றால், யாருக்கும் குழுவைத் தெரியவில்லை அல்லது யாரும் நம்பவில்லை என்றுதான் நான் புரிந்துகொள்வேன். அந்த ஆண்டு அறிமுக வகுப்பை மறுபடி நடத்துங்கள், விடுதிக்கே நேரில் போங்கள்.

மூன்று ஆண்டு முடிந்து பொறுப்பை ஒப்படைக்கும்போது, நிலுவையில் உள்ள புகார்களின் தேதிப் பட்டியலை முதலில் கொடுங்கள், அப்புறம் முத்திரையிட்ட உறைகள், கடைசியாகப் பூட்டிய பீரோவின் சாவி. புதிய தலைவர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளட்டும். இன்னும் படித்துக்கொண்டிருக்கும் புகார்தாரர்களிடம், அவர்கள் சம்மதித்தால், புதியவரை நீங்களே நேரில் அறிமுகம் செய்துவையுங்கள்.